கல், கயிறு, மடிப்பு: சொந்தப் பார்வையைத் தேடி ஒரு புகைப்பட வேலை

கல்யாண வேலை செய்கிற எந்த போட்டோகிராபரைக் கேட்டாலும் ஏற்காட்டில் எங்கே நிற்க வேண்டும் என்று யோசிக்காமல் சொல்வார். பகோடா பாயிண்ட்டில் எந்தப் பாறை, லேடீஸ் சீட்டில் எந்த நேரம், ஏரியில் எந்தக் கரை, லூப் ரோட்டில் சில்வர் ஓக் மரங்கள் இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்கிற வளைவு எது, எல்லாம் அத்துப்படி. ப்ரீ வெட்டிங் ஜோடிகளுக்கு நானும் அங்கேதான் எடுக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி நன்றாகச் செய்து கொடுப்பது தொழில்.

ஆனால் தொழிலுக்கு வெளியே, நமக்காக எடுக்கிற படங்களிலும் அதே பாறையும் அதே வளைவும்தான் வருகின்றன. சேலத்தில் கேமரா வைத்திருக்கிற பத்துப் பேருடைய ஏற்காட்டுப் படங்களைக் கலந்து வைத்தால் எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. எல்லாம் அழகாக இருக்கும், ஒன்றிலும் எடுத்தவர் இருக்கமாட்டார்.

எனக்கென்று ஒரு பார்வை இருக்கிறதா, இருந்தால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க நான் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். பாணி, தனித்தன்மை என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் உட்கார்ந்து கையால் என்ன செய்வது என்று சொல்கிறவர்கள் குறைவு. அதனால் செய்ததைச் செய்தபடியே சொல்கிறேன்.

பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புவது

முதல் வேலை ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தது. வாடிக்கையாளர் வேலை அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, பல வருடங்களாக எனக்காக எடுத்ததில் கண்ணில் நின்றவற்றை ஒரு ஃபோல்டரில் சேர்த்தேன். நல்ல படம், கெட்ட படம் என்று தரம் பிரிக்கவில்லை. திரும்ப ஒருமுறை திறந்து பார்க்கத் தோன்றியதா, அது மட்டும்தான் கணக்கு. எல்லாவற்றையும் 4×6 அங்குல மேக்ஸி பிரிண்ட்டாக, மேட் தாளில் போட்டேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். லேபில் கொடுக்கும்போது, "ஆட்டோ கரெக்‌ஷன் போட வேண்டாம்ணா, ஃபைல் எப்படி இருக்கோ அப்படியே போடுங்க" என்று கட்டாயம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மிஷின் தானாகவே பனிமூட்டத்துக்குக் கான்ட்ராஸ்ட் ஏற்றும், இருட்டை வெளிச்சமாக்கும். எல்லாப் படமும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும். நாம் தேடுவதோ அந்த வித்தியாசத்தைத்தான்.

ஸ்கிரீனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதும் தரையில் பரப்பிப் பார்ப்பதும் ஒன்றே அல்ல. ஸ்கிரீனில் அடுத்த படம் வந்ததும் முந்தையது மறந்துவிடும். தரையில் எல்லாம் ஒரே நேரத்தில் நம்மைப் பார்க்கும். எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். மொட்டை மாடி அறையில் பாய் விரித்துப் பரப்பி, மூன்று குவியலாகப் பிரித்தேன். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னவை ஒன்று. தொழில்முறையில் சுத்தமாக வந்தவை இன்னொன்று. ஏன் எடுத்தேன் என்று எனக்கே விளக்கத் தெரியாதவை மூன்றாவது.

முதல் குவியலில் சூரிய உதயம், கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு. இரண்டாவதில் அம்மாப்பேட்டைத் தெருவில் காலை நேரத்தில் தறிக்கான பாவு நூல் நீட்டுகிறவர்கள், ஆடி மாதத்துக் கோட்டை மாரியம்மன் கூட்டம். நல்ல படங்கள்தான். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது மூன்றாவது குவியல்.

அதில் இருந்தவற்றை அப்படியே சொல்கிறேன். சேலம் குகைப் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் பழைய சேலை போட்டு மூடிய ஸ்கூட்டர். சேர்வராயன் அடிவாரத்தில் மேக்னசைட் வெட்டிய வெள்ளை மேட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி நிற்கும் லாரி. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்த சமயம் துணி சுற்றி வைத்த தலைவர் சிலை. விடுமுறை நாளில் வெள்ளைத் துணி போர்த்திய தறி. சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் நடக்கும் ஒரு அம்மா, பின்பக்கமிருந்து. கல்யாண மண்டபத்தில் கண்ணாடித் தாள் சுற்றிய சீர்த்தட்டுகள், ஆள் யாரும் இல்லாமல்.

எல்லாம் மூடி வைத்தவை. நான் அப்படித் தேடிப் போய் எடுத்ததில்லை. வேறு வேறு வருடம், வேறு வேறு ஊர், பாதிப் படங்கள் வேறு ஏதோ வேலையாகப் போன இடத்தில் எடுத்தவை. என் மூளை ஏரிக்கரையை யோசித்துக்கொண்டிருந்த காலம் முழுக்க என் கண் இதைச் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. தனக்கு ஒரு பார்வை வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: புதிதாக ஒன்றை யோசித்து உருவாக்க உட்காராதீர்கள். விளக்கம் சொல்லத் தெரியாமல் எடுத்த படங்களை முதலில் எண்ணிப் பாருங்கள்.

எக்ஸிஃப் என்ன சொல்கிறது

கண்ணுக்குத் தோன்றியது உண்மைதானா என்று கணக்குப் பார்ப்பது அடுத்த வேலை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் தகவல் இருக்கும்: எந்த லென்ஸ், எந்தக் குவியத்தூரம் (எண் சிறிதானால் காட்சி அகலமாக விழும், பெரிதானால் பொருள் கிட்டே வரும்), எத்தனை மணி. லைட்ரூம் மென்பொருளில் மெட்டாடேட்டா ஃபில்டர் போட்டால் ஒரு நிமிடத்தில் பிரித்துக் காட்டும். இலவசமாக வேண்டுமென்றால் டிஜிகேம் இருக்கிறது.

என்னிடம் இருப்பது 24-70 மிமீ ஜூம் லென்ஸ். கல்யாண வேலையில் 70 பக்கமே அதிகம் நிற்கும், முகம் வேண்டுமே. மூன்றாவது குவியலில் மட்டும் ஏறக்குறைய எல்லாமே 35-ஐச் சுற்றி இருந்தன. நேரம் பார்த்தால் விடியல், இல்லாவிட்டால் மாலை நாலரைக்கு மேல். வெயில் விழுந்து நிழல் நீண்ட படம் ஒன்றிரண்டுதான். எக்ஸிஃப் சொல்லாத சிலவற்றை பிரிண்ட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமல் நெஞ்சு உயரத்தில் வைத்து, பொருளிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்று எடுத்திருக்கிறேன். அப்புறம், வானம் கிட்டத்தட்ட எதிலுமே இல்லை.

எதை எடுத்தேன் என்பதைவிட, எப்படி நின்று எடுத்தேன் என்ற இந்தத் தகவல்தான் முக்கியம் என்று பின்னால் தெரிந்தது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தெரிந்தே காப்பியடிப்பது

பழகுகிற காலத்தில் பெரியவர்களைப் போல எடுத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை. இந்தத் தேடலுக்காகவே இரண்டு பேரை எடுத்துக்கொண்டேன்.

ஒருவர் ரகுபீர் சிங். 1999இல் காலமானவர், இந்தியாவை வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அம்பாசடர் காரின் கதவையும் கண்ணாடியையுமே சட்டமாக வைத்து நாடு முழுக்கச் சுற்றி எடுத்திருக்கிறார். ஒரே படத்துக்குள் நாலைந்து தனித்தனிக் காட்சிகள் நடக்கும், எதுவும் எதையும் இடிக்காது. சேலத்திலிருந்து மலையேறுகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியையும் முன் கண்ணாடியையும் வைத்து அப்படி முயன்றேன். 20 கொண்டை ஊசி வளைவு இருப்பதால் சட்டத்துக்குள் காட்சி தானாக மாறிக்கொண்டே இருக்கும், பயிற்சிக்கு நல்ல இடம். செய்யச் செய்ய ஒன்று புரிந்தது. அவர் சேர்த்துக்கொண்டே போகிறார். என் கை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது.

இன்னொருவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன். நமக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு 1950இல் வந்து, ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர். பெரும்பாலும் 50 மிமீ லென்ஸ். இடத்தை முதலில் தேர்ந்து, அதற்குள் ஆள் வந்து விழும் அந்தக் கணத்துக்குக் காத்திருப்பது அவருடைய முறைகளில் ஒன்று. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு படிக்கட்டில் நின்று அதையும் செய்து பார்த்தேன். படம் கிடைத்தது, ஆனால் காத்திருப்பதில் எனக்கு ஆசையே இல்லை. எனக்குப் பிடித்தது எல்லாம் நான் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. யாரோ ஒருவர் வந்தார், மூடினார், மேலே ஒரு கல்லை வைத்தார், போய்விட்டார். அந்தக் கைவேலைதான் என் பாடம்.

காப்பியடித்துப் பார்த்ததால் கிடைத்த பலன் இதுதான். அவர்களுடைய முறை எனக்கு எங்கே ஒட்டவில்லை என்பதை வைத்து என்னுடைய எல்லையைக் கோடு போட முடிந்தது.

கட்டுப்பாடுகள்

இனிமேல் தேடிப் போய் எடுப்பது என்று முடிவானதும் சில கட்டுப்பாடுகளை ஒரு அட்டையில் எழுதி கேமரா பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரே லென்ஸ், ஜூம் ஆகாத 35 மிமீ பிரைம். லென்ஸ் திறப்பு எஃப் 5.6 முதல் 8 வரை, பின்னணியை மங்கலாக்கி அழகு காட்டுவதில்லை. கேமரா திருத்தாமல் தரும் ரா ஃபைல். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இல்லாமல் 5500 கெல்வினில் பூட்டி வைப்பது. ஆட்டோவில் விட்டால் பனியின் நீலத்தையும் விளக்கின் மஞ்சளையும் கேமரா சமன் செய்துவிடும், காலை எது மாலை எது என்று தெரியாது. பொருளைத் தொடக்கூடாது, ஒரு மடிப்பைக்கூட நகர்த்தக்கூடாது. வானம் வேண்டாம்.

இடமும் இரண்டுதான். மேலே, நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்கள். கீழே, சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகள். நடுவில் மலை ரோடு. இதற்கு வெளியே எவ்வளவு நல்ல படம் கிடைத்தாலும் அது இந்த வேலையில் சேராது.

களம்

ஏற்காட்டில் நவம்பர் வாக்கில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கும். பறித்த பழத்தை அப்படியே காயவைப்பதென்றால் சிமெண்ட் களத்தில் பரப்பி, பலகையால் கிளறிக் கிளறி, இரண்டு வாரம் மூன்று வாரம்கூட வெயிலில் போடுவார்கள். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கூட்டிக் குவித்து மூடிவிட வேண்டும். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், வாசமும் ருசியும் கெட்டுப்போகும். காலையில் வெயில் ஏறி, களத்து ஈரம் காய்ந்த பிறகுதான் திறப்பார்கள். அதாவது விடிந்ததிலிருந்து சில மணி நேரம் எனக்கு வேண்டிய பொருள் அப்படியே எனக்காகவே வைத்த மாதிரி கிடைக்கும்.

முதலில் பார்க்கும்போது ஒரு நீலக் குவியல், அவ்வளவுதான். குனிந்து பார்த்தால்தான் வேலை தெரியும். தார்ப்பாய்க்கு அடியில் சாக்கு, சாக்கின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஓரங்களில் வரிசையாகப் பாரம்: கருங்கல், பாதி உடைந்த செங்கல், ஒரு பழைய சைக்கிள் டயர், களம் கிளறும் பலகையே குறுக்காக. தார்ப்பாயின் பள்ளங்களில் பனித்தண்ணீர் தேங்கி, மேலே சில்வர் ஓக் இலை ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். கிட்டே போனால் காய்கிற பழத்தின் புளித்த இனிப்பு வாசம் அடிக்கும். படத்தில் வாசம் வராது, ஆனால் எவ்வளவு கிட்டே நிற்கிறோம் என்பதை அது முடிவு செய்கிறது.

களத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏன் தம்பி, தொறந்தப்புறம் எடுக்கலாம்ல? செவசெவன்னு பழம் நல்லாருக்கும். இப்ப என்ன தெரியுது?"

"மூடியிருக்கறதுதான்க்கா வேணும்."

"மூடுனதுல என்ன இருக்கு, கல்லுதான் இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அடுத்த முறை போகும்போது அந்தப் படத்தை 8×10 பிரிண்ட் போட்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் படத்தின் இடது கீழ் மூலையில் விரலை வைத்தார்.

"இந்தப் பெரிய கல்லு எப்பவும் இந்த மூலைக்குத்தான். காத்து பள்ளத்துலேருந்து இப்படித்தான் ஏறி வரும். இதை மாத்தி வெச்சா பாதி ராத்திரியில தூக்கிரும்."

அந்த மூலையை நான் சட்டத்தில் சேர்த்தது கோணம் நன்றாக இருந்ததற்காக. அந்தக் கல்லுக்குள் அந்தக் களத்தின் காற்று முழுக்க இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அட்டையில் இன்னொரு கட்டுப்பாடு சேர்ந்தது: மூடியவர் யார் என்று கண்டுபிடித்து, ஏன் அப்படி மூடினீர்கள் என்று கேட்க வேண்டும். படத்துக்குப் பின்பக்கம் பென்சிலில் அவர் சொன்னதை எழுதி வைக்க வேண்டும். பிரிண்ட் எடுத்துப்போய்க் கொடுப்பது நன்றிக்காக மட்டும் இல்லை. படத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

பனியில் அளவு வைப்பது

இது முழுக்கத் தொழில்நுட்பம், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு அளவு வைக்கும். பனி அதைவிட வெளிச்சம். அப்படியே எடுத்தால் பனி அழுக்குச் சாம்பலாக விழும். வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனைக் கூட்டல் பக்கம் முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒன்றேகால் வரை ஏற்றினால் வெள்ளை வெள்ளையாக வரும். வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலது சுவரை முட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு நிற்க வேண்டும். காலையில் வெளிச்சம் குறைவு என்பதால் கேமராவின் உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600, 3200 வரை தயங்காமல் ஏற்றுகிறேன். அதனால் விழும் புள்ளிகள் மேட் தாளில் கண்ணுக்கு உறுத்துவதில்லை.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். குளிரில் கிடந்த கேமராவைக் கீழே கொண்டுவந்து வெப்பமான ஈரக் காற்றில் திறந்தால் லென்ஸில் ஆவி படியும். ஏசி காரில் போய் இறங்கினாலும் இதே கதை. ஜிப் கவரில் போட்டு மூடி, அரை மணி நேரம் விட்டுத் திறந்தால் ஆவி கவருக்கு வெளியே படியும், உள்ளே ஒன்றும் ஆகாது.

வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பிரச்சினை புதிதல்ல. லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858இல் வெளியான அவருடைய படத் தொகுப்புகளில் ஒன்று, ராயக்கோட்டை முதலான அன்றைய சேலம் மாவட்ட இடங்களைப் பற்றியது. மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தார். அந்த ரசாயனத்துக்கு நீல ஒளி மட்டும் அதிகமாகப் படும் என்பதால் பாறையும் மரமும் சரியாக வரும்போது வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். அவர் பல நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். நம் ஊர்ப் பக்கத்தை முதலில் கேமராவில் பார்த்தவர்களில் ஒருவர் வெற்று வானத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எனக்கும் அதே வெள்ளை வானம்தான் கிடைக்கிறது. நான் சட்டத்தைக் கீழே இறக்கி வானத்தையே வெளியே விட்டுவிடுகிறேன். அவர் எடுத்ததும் முடிவுதான், நான் எடுப்பதும் முடிவுதான். பார்வை என்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு தொல்லைக்கு ஒவ்வொருவரும் கண்டுபிடிக்கிற பதில்களிலிருந்துதான் வருகிறது.

செவ்வாய்ப்பேட்டை

கீழே வேலை வேறு மாதிரி. கொலுசுப் பட்டறைகள் சின்னச் சின்ன அறைகள். டியூப் லைட்டும் எல்இடியும் கலந்து எரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டரை 100இல் ஒன்று அல்லது 50இல் ஒன்று என்று வைத்தால்தான் பட்டை பட்டையாக விழாமல் இருக்கும். அதற்கு மேல் வேகம் வேண்டாம், எப்படியும் அசையாத பொருளைத்தான் எடுக்கிறேன்.

முதல் கேள்வி பாதுகாப்பு. வெள்ளி புழங்குகிற இடம், யாரும் உடனே உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. பெயர்ப் பலகை, தெரு, பெட்டி எதுவும் தெரியாது என்று வாக்குக் கொடுத்து, எடுத்ததை அங்கேயே திரையில் காட்டி, வேண்டாம் என்றதை அங்கேயே அழித்தேன். "சரக்கைக் காட்டாம வெறும் பொட்டணத்தை எடுக்கறதுன்னா எடுத்துக்கோ கண்ணு" என்றார் ஒரு பெரியவர். எனக்கும் பொட்டணம்தான் வேண்டும்.

மெருகு முடிந்த கொலுசை ரோஸ் தாளில் சுற்றி, மேலே எடையைப் பேனாவில் எழுதி வைத்திருப்பார்கள். சுற்றுகிறவரின் கை தாளை முதலில் நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளே சொருகும். ரப்பர் பேண்டு கிடையாது, நூல் கிடையாது. பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே மடிப்பில் போட்டுவிடலாம். பலமுறை பிரித்த தாளில் மடிப்பு வெள்ளைக் கோடாகத் தேய்ந்திருக்கும். மேசையில் குனிந்து, இரண்டு எட்டுக்குப் பதிலாக ஒரே எட்டில் எடுத்த ஒன்றிரண்டு படங்கள் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை. தூரத்தைப் பற்றிய கட்டுப்பாடு இங்கே கொஞ்சம் தளர்ந்தது. பொட்டணம் களத்துக் குவியல் அளவுக்குச் சட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதால் அது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நிறம்

கல்யாண ஆல்பத்துக்கு என்னிடம் ஒரே அழுத்தில் நிறம் மாற்றும் தயார் ப்ரீசெட் உண்டு. அது இங்கே வேலைக்கு ஆகாது. எந்த ப்ரீசெட் போட்டாலும் முதலில் பச்சையைத்தான் மாற்றும். காப்பி இலை அடர்ந்த, பளபளப்பான பச்சை. அதை மஞ்சளாக்கினால் வேறு ஊர் ஆகிவிடும். நான் செய்தது இது: களத்துப் படம் ஒன்றை மட்டும் எடுத்து, பிரிண்ட் போட்டுப் பார்த்து, திருத்தி, திரும்பப் போட்டு, காலையில் நான் நின்ற வெளிச்சம் வரும்வரை அதிலேயே உட்கார்ந்தேன். அந்த பிரிண்ட்டைச் சுவரில் ஒட்டினேன். மற்ற எல்லாப் படமும் அதற்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அளவுகோல். கான்ட்ராஸ்ட் குறைவு, கருப்பு முழுக் கருப்பு இல்லை, தார்ப்பாயின் நீலத்தை மட்டும் தொடவில்லை. அந்த நீலமும் பொட்டணத்தின் ரோஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது மலையும் ஊரும் ஒரே வேலையாகச் சேர்ந்தன.

வரிசை

புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் தன் படங்களைச் சுவருக்காக எடுப்பதைவிடப் புத்தகமாகவும் பெட்டியாகவும் கோப்பதையே தன் கலையாக வைத்திருப்பவர். 2022இல் புகைப்படத்துக்கான ஹாசல்பிளாட் விருது பெற்றார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: எடுப்பது பாதி, கோப்பது மீதி.

முதலில் மலை, ரோடு, ஊர் என்று இட வரிசையில் வைத்தேன். சுற்றுலாக் கையேடு மாதிரி ஆனது. முழுக்க மூடியதிலிருந்து பாதி திறந்தது வரை என்று வைத்தேன். அது ஏதோ மர்மக் கதை சொல்லியது, இந்தப் படங்களில் மர்மம் எதுவும் இல்லை. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் வரிசை தானாக விழுந்தது. எல்லோரும் எப்படி மூடினோம் என்பதைவிட எப்படிப் பிடித்து நிறுத்தினோம் என்பதைத்தான் சொல்லியிருந்தார்கள். சிலர் கல்லால், சிலர் கயிற்றால், சிலர் வெறும் மடிப்பால். களம் கல். லாரி கயிறு. பொட்டணம் மடிப்பு. தறித் துணியும் மடிப்புதான், கொங்காணியும் மடிப்புதான். மூன்று பகுதி, கனமானதிலிருந்து லேசானதுக்கு.

புத்தகத்தை விசிறி மடிப்பாக வீட்டிலேயே செய்தேன். 250 ஜிஎஸ்எம் கனமுள்ள கார்ட்ரிட்ஜ் தாளை நீளப் பட்டைகளாக வெட்டி, மடிப்புக் கோட்டில் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தி மடித்து, பட்டைகளை ஒன்றரை சென்டிமீட்டர் ஓரம் விட்டு இணைத்தேன். தாளுக்கு ஒரு இழை ஓட்டம் உண்டு. மடிப்பு அதற்கு இணையாக விழ வேண்டும், குறுக்கே மடித்தால் வெடித்துத் தும்பு கிளம்பும். வெட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் இழை. படங்களை ஒட்ட டபுள் சைடு டேப். பசை வேண்டாம், பிரிண்ட் ஈரம் குடித்து நெளியும். அட்டை மட்டும் கணக்கு நோட்டு பைண்டிங் செய்கிற கடையில் கொடுத்துத் துணி ஒட்டி வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் திறந்த களத்தை, சிவப்புப் பழத்தோடு வை என்று நண்பன் சொன்னான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்தப் புத்தகம் திறப்பதற்காகக் காத்திருக்கும் புத்தகம் இல்லை.

கலந்து வைத்துப் பார்த்தது

சொந்தப் பார்வை வந்திருக்கிறதா என்று நாமே சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் ஒரு பரிசோதனை. அதே நண்பனின் ஏற்காட்டுப் படங்களையும் என்னுடையதையும் கலந்து, எங்கள் இருவரையும் தெரியாத இன்னொரு போட்டோகிராபரிடம் கொடுத்து, இரண்டு ஆளாகப் பிரிக்கச் சொன்னோம். நண்பனும் வேண்டுமென்றே மூடிய பொருள்கள் சிலவற்றை எடுத்துச் சேர்த்திருந்தான், தார்ப்பாய் போட்ட பைக், லாரி எல்லாம்.

ஏறக்குறைய எல்லாம் சரியாகப் பிரிந்தன. எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டோம். தார்ப்பாயை அவர் கண்டுகொள்ளவே இல்லை. "ஒருத்தர் நின்னு பாக்கறாரு, ஒருத்தர் குனிஞ்சு பாக்கறாரு" என்றார். நண்பனின் லாரிக்குப் பின்னால் மலையும் மேகமும் இருந்தன, அவன் எப்போதும் பொருளை ஊரோடு சேர்த்துப் பார்ப்பவன். என்னுடையதில் லாரியின் கயிறும் முடிச்சும் மட்டும். ஒரே பொருளை இருவரும் எடுத்தும் இருவரும் தெரிந்தோம்.

எக்ஸிஃபையும் பிரிண்ட்டையும் பார்த்தபோது கிடைத்த தூரம், உயரம், நேரம், வானம் இல்லாமை ஆகியவை முக்கியம் என்று மேலே சொன்னது இதனால்தான். மூடிய பொருளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நாளைக்கே நூறு பேர் எடுக்கலாம். எங்கே நிற்கிறோம், எவ்வளவு குனிகிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பது உடம்பில் ஊறியது, அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. நண்பனுக்கும் அன்றைக்குத் தன் பார்வை என்னவென்று தெரிந்துபோனது. அவன் இப்போது வானம் மட்டுமே பெரிதாக வரும் ஒரு வேலையைக் ஏற்காட்டுக்குப் போகிற இன்னொரு பாதையான குப்பனூர் வழி ரோட்டில் தொடங்கியிருக்கிறான்.

இனி செய்ய வேண்டியது கயிறு. மூன்று பகுதியில் அதுதான் மெலிந்து கிடக்கிறது. லாரி கட்டுகிறவர்கள் போடும் முடிச்சுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு, ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு கட்டு. சேலத்துச் சரக்குச் சந்தையான லீ பஜாரில் மூட்டை ஏற்றும் நேரத்தில் போய் நின்று, கட்டுகிறவரிடம் கேட்டு, பெயரைப் பின்பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். நவம்பரில் களம் திறந்ததும் அக்காவுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி. அவருடைய பக்கத்தில் கல் எதுவும் இடம் மாறவில்லையே என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.